எல்லா மைக்கிலும் நான்

மார்ச் 4

ஊமைக்கோட்டானுக்கு,

போனில் நீ பேசவும் மாட்டாய், வைக்கவும் மாட்டாய். போன வாரம் ஆறு நிமிடம் உன் மூச்சுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அதற்குக் கடிதமே மேல். தாளில் எழுதச் சொன்னால் நீ வாயாடி என்று எனக்குத் தெரியும்.

விஷயத்துக்கு வருகிறேன். ஐந்து மாதமாக இந்த ஸ்டூடியோவில் கோரஸ் வரிசையில் நின்று 'ஆ' மட்டும் பாடிக்கொண்டிருந்தவளுக்கு ஒரு வழி திறந்திருக்கிறது. புதுக் குரல்கள் ஐந்து பேரை வைத்து ஒரு தொகுப்பு போடுகிறார்கள். ஆளுக்கு ஒரு பாட்டு. நான் பெட்டிப் பாட்டைச் சொல்லியிருக்கிறேன். நாம் வீட்டில் பதிந்து நான் எடுத்துவந்ததைப் போட்டுக் காட்டினேன். ரெக்கார்டிங் செய்கிறவர் பாதியிலேயே நிறுத்திவிட்டார்.

"பாட்டு நல்லாருக்கும்மா. ஆனா டிரம்ஸ், கிதார், கீபோர்டு, உன் குரல் எல்லாம் ஒரே மைக்ல ஏறி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிச்சு. பால்ல ஊத்தின தண்ணிய இனிமே யாரு பிரிக்கிறது?" என்றார்.

கம்ப்யூட்டரின் மைக் ஓட்டையில் நேராகச் செருகினால் அப்படித்தான் ஆகுமாம். என் கட்டிலுக்கு அடியில் ஒரு பெட்டி இருக்கிறது. அட்டையில் 'ஆடியோ இன்டர்பேஸ், எட்டு வழி' என்று போட்டிருக்கும். வாங்கி வைத்துவிட்டுப் பிரிக்காமலே கிளம்பிவிட்டேன். ஒவ்வொரு வாத்தியத்துக்கும் ஒரு மைக், ஒவ்வொரு மைக்குக்கும் ஒரு வழி. டிரம்ஸுக்கு மாமாவையும் கிதாருக்குக் கண்ணாடிக்கடை அண்ணனையும் கீபோர்டுக்குப் பேக்கரி அக்காவையும் உட்கார வைத்து, மூன்று பேரையும் தனித்தனி ட்ராக்காகப் பதிந்து பென் டிரைவில் அனுப்பு. மேலே நான் இங்கே பாடிக்கொள்கிறேன்.

ஏப்ரல் 20க்குள் வேண்டும். தெரியாததை யாரிடமாவது கேட்டுச் செய். கேட்கமாட்டாய் என்பதும் தெரியும்.

அக்கா

*

மார்ச் 13

அக்காவுக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. போகிற அன்று நீ கதவைச் சாத்திய வேகத்தில் விழுந்த காலண்டரை அம்மா இன்னும் எடுத்து மாட்டவில்லை. இந்த வீட்டில் இன்னும் போன வருடம் அக்டோபர் நடக்கிறது.

பெட்டிப் பாட்டைச் சொன்னாயாம். 'என் பாட்டு' என்று சொன்னாயா, 'என் தங்கை கட்டிய பாட்டு' என்று சொன்னாயா? கடிதத்தில் அது இல்லை. நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள்தான். ஆனாலும் எழுதாமல் விட்டதைப் படிக்க எனக்குத் தெரியும். அட்டைப்பெட்டி கம்பெனியில் பசை தடவிக்கொண்டே நான் கட்டிய பாட்டு அது.

நான் ஒட்டின பெட்டியெல்லாம் ஊர் பார்க்கப் போயாச்சு,
ஒட்டின கை மட்டும் இங்கே பசை காயாம இருக்கு.

உன் கையில் எந்தப் பசையும் ஒட்டியதில்லை.

இருந்தாலும் பதிந்திருக்கிறேன். உனக்காக இல்லை. அந்தப் பெட்டியைப் பிரிக்க ஐந்து மாதமாக எனக்குக் கை அரித்துக்கொண்டிருந்தது.

முன்பக்கம் எட்டு ஓட்டை. ஒவ்வொன்றுக்கும் ஒரு திருகு, ஒரு சின்ன விளக்கு. அளவாகச் சத்தம் வந்தால் பச்சை, அதிகமானால் சிவப்பு. சிவப்பு எரிந்தால் அந்த இடத்தில் சத்தம் கிழிந்துபோகும், பிறகு தைக்க முடியாது. பின்பக்கம் கம்ப்யூட்டருக்குப் போகிற ஒரே வயர். கண்ணாடிக்கடை அண்ணன் தன் நண்பரிடமிருந்து நான்கு மைக் வாங்கி வந்தார். அதில் ஒன்று கரண்டு கொடுத்தால்தான் வேலை செய்யும். பெட்டியில் அதற்கு '48' என்று ஒரு பட்டன் இருக்கிறது. மாமா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நாப்பத்தெட்டு வோல்ட்டாம்ல. அவன் கிதார்ல பாஞ்சு ஆளு கருகிட்டா அவங்க அம்மாக்கு நானா பதில் சொல்றது?"

"பாயட்டும் மாமா. அப்பவாச்சும் வேகமா வாசிக்கிறானா பாப்போம்" என்றார் பேக்கரி அக்கா.

நான் பட்டனை அமுக்கினேன். யாரும் கருகவில்லை. கையேட்டில் முதல் நாளே படித்துவிட்டேன், அது மைக்குக்குள் மட்டும்தான் போகும் என்று. சொல்லத்தான் வாய் வரவில்லை.

சனிக்கிழமை மதியம் ஃபேனை நிறுத்திவிட்டுப் பதிந்தோம். கீழே தையல் கடைக்காரர் ஒரு மணி நேரம் மிஷினை ஓட்டாமல் இருந்தார். வீட்டுக்காரருக்குப் பயந்து மாமா டிரம்ஸ் குச்சிகளில் துணி சுற்றி மெதுவாக வாசித்தார். கம்பெனியில் கழித்த அட்டைப்பெட்டிகளுக்குள் பழைய துணியைத் திணித்து டிரம்ஸைச் சுற்றி அடுக்கியிருந்தேன். "எனக்கு வேலி போட்டுட்டா பாரு, மாட்டுக்குப் போடற மாதிரி" என்றார். யாரும் பாடவில்லை. எங்கே சரணம் முடிகிறது என்று நான் கையை ஆட்டிக் காட்டினேன்.

டிரம்ஸுக்கு இரண்டு ட்ராக், கிதாருக்கு ஒன்று, கீபோர்டுக்கு ஒன்று. பென் டிரைவ் இதோடு இருக்கிறது.

தங்கை

*

மார்ச் 21

கோட்டானே,

முதல் ட்ராக்: மாமாவின் டிரம்ஸ். இரண்டாவது ட்ராக்: மாமாவின் டிரம்ஸ். மூன்றாவது, கிதார் இருக்க வேண்டிய இடம்: மாமாவின் டிரம்ஸ். நான்காவது எது என்று நீயே சொல்லிவிடு.

இங்கே நான்கையும் ஒன்றாகப் போட்டார்கள். நான்கு மாமா ஒரே நேரத்தில் ஒரே மாதிரி வாசிக்கிறார்கள். ரெக்கார்டிங் செய்கிறவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "உங்க மாமா ரொம்பத் தன்னம்பிக்கை உள்ளவரு போல" என்றார். கூடவே நானும் சிரிக்க வேண்டியிருந்தது.

அனுப்பும் முன் ஒரு தடவை கேட்டுப் பார்க்கத் தோன்றவில்லையா? இன்னும் முப்பது நாள். நான் உன்னை நம்பித்தான் வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

பாட்டு யாருடையது என்று கேட்டிருந்தாய். ஆழம் பார்க்காமல் எல்லாவற்றையும் முதல் நாளே சொல்ல முடியாது. இடம் கிடைக்கட்டும், பிறகு சொல்லலாம்.

அக்கா

*

மார்ச் 31

அக்காவுக்கு,

தவறு என்னுடையதுதான். எப்படி நடந்தது என்று சொல்கிறேன். மன்னிப்புக் கேட்பதற்காக இல்லை, எனக்கு இப்போது அது புரிந்துவிட்டது என்று காட்டுவதற்காக.

பெட்டி எட்டு வழியிலும் கேட்கும். ஆனால் எந்த வழி எந்த ட்ராக்குக்குப் போக வேண்டும் என்று கம்ப்யூட்டரில் நாம்தான் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் எல்லா ட்ராக்கும் முதல் வழியிடமே போய்க் கேட்கும். முதல் வழியில் இருந்தவர் மாமா. பெட்டியில் எல்லா விளக்கும் பச்சையாக எரிந்தது. திரையில் நான்கு ட்ராக்கிலும் அலை ஓடியது. கண்ணை நம்பினேன்.

காதால் கேட்டிருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். முடித்த உடனே பேக்கரி அக்கா, "குடு, ட்யூட்டிக்குப் போற வழியில கூரியர்ல போட்டுடறேன்" என்று கையை நீட்டினார். 'இருங்க அக்கா, நான் ஒரு தடவை கேட்டுக்கறேன்' என்று சொல்ல வேண்டும். ஆறு வார்த்தை. வரவில்லை. பென் டிரைவைக் கொடுத்துவிட்டேன். நான் பேசாமல் இருந்ததால் இதுவரை நடந்த தவறுகளை எழுதினால் இந்தத் தாள் போதாது.

மறுபடி பதிந்தோம். இந்தத் தடவை கேட்டேன். ஒவ்வொரு ட்ராக்கையும் தனியாகத் திறந்து, முதலிலிருந்து கடைசி வரை. மூன்று பேரையும் உட்கார வைத்துவிட்டு, "யாரும் போகாதீங்க" என்றேன். மாமா அம்மாவைக் கூப்பிட்டு, "அக்கா, இவ பேசிட்டா, தேதியக் குறிச்சு வை" என்றார். காலண்டர் கீழே கிடக்கிறதே என்றாள் அம்மா.

பாட்டு இல்லாமல் வாசித்தால் அவர்களுக்கு வழி தப்புகிறது. அதனால் நான் கூடவே பாடினேன். அது ஐந்தாம் ட்ராக். வேண்டாம் என்றால் அதை மூடிக்கொள்.

தங்கை

*

ஏப்ரல் 6

கோட்டானே,

ஐந்தாம் ட்ராக்கை மூடினேன். நீ போகவில்லை.

டிரம்ஸைத் திறந்தால் பின்னால் நீ பாடுகிறாய். கிதாரைத் திறந்தால் நீ. கீபோர்டில் மட்டும்தான் இல்லை, அது வயரில் நேராகப் பெட்டிக்குள் போவதால். அந்த முன்னறை அகலம் எனக்குத் தெரியாதா? பத்தடி. அதற்குள் நின்று வாயைத் திறந்து பாடினால் நாலு சுவரிலும் பட்டு எல்லா மைக்கிலும் ஏறத்தான் செய்யும். மேலே நான் பாடிப் பார்த்தேன். ஒவ்வொரு வரியிலும் என் குரலுக்குப் பின்னால் இன்னொருத்தி நிற்கிறாள். உன் குரல் கட்டைக் குரல் வேறு, மறையாது.

ரெக்கார்டிங் செய்கிறவர் வழி சொன்னார். "பாடற ஆளு வேற ரூம்ல இருக்கணும்மா. மைக் வயர இழுத்துட்டுப் போயி கதவச் சாத்திப் பாடட்டும். வாசிக்கறவங்க ஹெட்போன்ல கேட்டுக்குவாங்க." சமையலறைதான் இருக்கிறதே. பெட்டியில் ஹெட்போன் மாட்டவும் இடம் இருக்கிறது. இதெல்லாம் உனக்குத் தோன்றவில்லையா?

மறுபடி பதிந்து அனுப்பு. நாட்கள் பதினான்குதான். அந்த ஐந்து பேரில் ஒருத்தியாக வர நான் என்னவெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டேன் என்று உனக்குத் தெரியாது. அதை ஒரு கவனக்குறைவால் கெடுத்துவிடாதே.

அக்கா

*

ஏப்ரல் 11

அக்காவுக்கு,

கவனக்குறைவு இல்லை.

சமையலறை எனக்குத் தோன்றியது. அன்று முதலிரண்டு தடவையும் அங்கிருந்துதான் பாடினேன். அம்மா பாத்திரத்தை எல்லாம் கீழே இறக்கி வைத்து, எனக்கு ஒரு ஸ்டூல் போட்டுக் கதவைச் சாத்தினாள். முதலில் ஹெட்போனில் என் குரலே எனக்குத் தாமதமாக வந்தது, யாரோ பின்னால் நின்று பழித்துக் காட்டுவது போல. கம்ப்யூட்டருக்குள் போய்த் திரும்பி வருகிற நேரம் அது. பெட்டியில் ஒரு திருகு இருக்கிறது, அதைத் திருப்பினால் கம்ப்யூட்டருக்குப் போகும் முன்பே நம் சத்தம் நமக்குக் கேட்கும். அதையும் சரி செய்தேன். எல்லாம் கையேட்டில் இருக்கிறது, யாரையும் கேட்கத் தேவைப்படவில்லை.

ஆனால் பெட்டியில் ஹெட்போன் ஓட்டை இரண்டுதான். ஒன்று எனக்கு, ஒன்று மாமாவுக்கு. மற்ற இருவரும் மாமாவின் தலையசைப்பைப் பார்த்து வாசித்தார்கள். தப்பே இல்லாமல் வாசித்தார்கள். கேட்டால் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி இருந்தது.

"பாட்டு எங்கயோ நடக்குது, நாம வெளிய செருப்பப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கோம்" என்றார் கண்ணாடிக்கடை அண்ணன்.

மூன்றாம் தடவை நான் மைக்கை எடுத்துக்கொண்டு முன்னறைக்கு வந்தேன். அட்டைப்பெட்டிகளை எட்டி நகர்த்தினேன். மூன்று பேருக்கும் நடுவில் நின்று பாடினேன். எல்லா மைக்கிலும் ஏறுவேன் என்று தெரிந்தேதான் நின்றேன். கேட்டாயா, மாமா இரண்டாம் சரணத்தில் எப்படி மாற்றி வாசித்தார் என்று? பேக்கரி அக்கா நான் மூச்சு எடுக்கிற இடத்தில் கையை எடுத்துவிட்டுக் காத்திருக்கிறார். அதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

இன்னொன்றும் எழுதுகிறேன். மூன்று வருடமாக எழுதாதது. ஆண்டு விழா ஒத்திகையில் பாட்டு டீச்சர் என்னைப் பின்வரிசைக்கு அனுப்பி, "நீ வாய மட்டும் அசைம்மா, சத்தம் வேணாம்" என்றார். முப்பது பேர் திரும்பிப் பார்த்தார்கள். விழா நாளில் அப்படியே நின்றேன். ஒரு முழுப் பாட்டுக்கு மீன் மாதிரி வாயைத் திறந்து மூடினேன். அடுத்த திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போகவில்லை. பிறகும் போகவில்லை. வீட்டில் எல்லாரும் எனக்குப் படிப்பு ஏறவில்லை என்று நினைத்தார்கள். நானும் மறுத்துச் சொல்லவில்லை.

டீச்சரிடம் போய், "அவ குரல் மட்டும் தனியாத் தெரியுது டீச்சர்" என்று சொன்னது நீ. முன்வரிசையில் நடுவில் நின்றவள் நீ. நான் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் இருந்தேன். எனக்குக் கேட்டது.

இந்தப் பெட்டிக்கு வாயசைப்பு தெரியாது அக்கா. சத்தம் வந்தால்தான் விளக்கு எரியும். நான் பாடியபோது ஐந்தாவது விளக்கு பச்சையாக எரிந்தது. ஒரு இடத்தில் சிவப்பும் எரிந்தது, 'பசை காயாம' என்கிற இடத்தில். திருகைக் குறைத்துக்கொண்டு மறுபடி பாடினேன். அதைத்தான் உனக்கு அனுப்பினேன்.

சமையலறையிலிருந்து பாடியதும் என்னிடம் இருக்கிறது. மறைத்து வைத்திருந்தேன், ஒப்புக்கொள்கிறேன். இதோ அனுப்புகிறேன். அதில் ஐந்தாம் ட்ராக்கை மூடினால் நான் சுத்தமாகப் போய்விடுவேன். உனக்கு அதுதான் வேண்டுமென்றால் எடுத்துக்கொள். ஆனால் இரண்டையும் கேட்டுவிட்டு எடு. மறுபடி பதிய மாட்டேன். நான் நின்ற ட்ராக்குகளிலிருந்து என்னைச் சுரண்டி எடுக்கவும் விடமாட்டேன். அதிலிருந்து என்னை எடுக்க வேண்டுமானால் மாமாவையும் எடு, கிதாரையும் எடு. கீபோர்டை மட்டும் வைத்துக்கொண்டு பாடு.

தங்கை

*

ஏப்ரல் 22

உனக்கு,

என்ன பெயர் சொல்லி ஆரம்பிப்பது என்று தெரியாமல் மூன்று தாளைக் கிழித்தேன்.

முதலில் சமையலறைப் பதிவை எடுத்துக்கொண்டேன். கோபத்தில்தான். ஐந்தை மூடினேன், நீ சொன்ன மாதிரியே போய்விட்டாய். மேலே நான் பாடினேன். "ரொம்பச் சுத்தமா இருக்கும்மா" என்றார் ரெக்கார்டிங் செய்கிறவர். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். சுத்தமாகத்தான் இருந்தது. துடைத்து வைத்த வீடு மாதிரி, ஆள் இல்லாத வீடு.

மறுநாள் ஹெட்போன் மாட்டி மற்றதைக் கேட்டேன். கிதார் மைக்கை மட்டும் திறந்தேன். நாலடி தள்ளி நின்று நீ பாடுவது கேட்டது. 'பசை காயாம' வரும் முன்னால் ஒரு மூச்சு எடுக்கிறாய், அங்கே மாமா வாய்க்குள் "ஆங்" என்கிறார். பிறகு டிரம்ஸ் மைக்கைத் திறந்தேன். அதிலும் நீ, கொஞ்சம் தூரத்தில். எனக்கு அந்த அறையில் எந்த இடத்தில் நீ நின்றாய் என்று தெரிந்தது. ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சரிதானே?

தொகுப்புக்காரர்களிடம் போய், இந்தப் பாட்டு என் தங்கையுடையது, இதில் இரண்டு குரல் வரும் என்றேன். "ஒரு பாட்டு, ஒரு குரல், ஒரு போட்டோ. அதுதாம்மா பேச்சு" என்றார்கள். யோசித்துச் சொல்லுங்கள் என்றேன். அவர்கள் யோசிக்கவில்லை. அதனால் யாரோ எழுதி வைத்திருந்த மழைப் பாட்டு ஒன்றைப் பாடிக் கொடுத்தேன். தியாகம் என்று நினைத்துக்கொள்ளாதே. பெட்டிப் பாட்டில் என் குரல் விருந்தாளி மாதிரி இருந்தது. விருந்தாளியாக நிற்க எனக்குப் பிடிக்காது, உனக்குத் தெரியும்.

டீச்சரிடம் சொன்னது நான்தான். உன் குரல் நன்றாக இல்லை என்று சொல்லவில்லை என்று இப்போது எழுதலாம், அது உண்மைதான், ஆனால் அது நியாயம் ஆகாது. நான் முன்னால் நின்று பாடிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து உன்னை மட்டும்தான் கேட்டேன். பயந்துவிட்டேன். நீ பள்ளிக்கூடம் நின்றபோதும் நான் வாயைத் திறக்கவில்லை. நம் இரண்டு பேரில் ஊமை யார் என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது.

மே இரண்டாம் ஞாயிறு வருகிறேன். நான்கு நாள் லீவு. உன் பெட்டியில் வழி ஏதாவது காலியாக இருக்கிறதா?

அக்கா

*

ஏப்ரல் 29

அக்காவுக்கு,

'உன் பெட்டி' என்று எழுதியிருக்கிறாய். கவனித்தேன். திருப்பித் தரமாட்டேன்.

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். டீச்சர் விஷயத்தையும் விடாமல் படித்தேன். என் கடிதத்தில் நான் எழுதியதையும் வாயால் சொன்னேன். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். பிறகு, "மூணு வருஷமா உனக்குப் படிப்பு ஏறலன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேனேடி" என்றாள். எழுந்து போய்ப் பழைய காலண்டரை எடுத்துவிட்டு இந்த வருடத்ததை மாட்டினாள். மூன்று தாளைக் கிழிக்க வேண்டியிருந்தது.

உன்மேல் கோபம் போய்விட்டதா என்று கேட்காதே. பாதி இருக்கிறது. அதை வைத்துக்கொண்டே பாட முடிகிறது.

ஆறாவது வழி காலி. வருவதாக இருந்தால் சில விஷயங்கள்.

மைக் நீ கொண்டு வா. எங்களிடம் நான்குதான், நான்கும் வேலையில் இருக்கின்றன. ஹெட்போன் உனக்குக் கிடையாது. இந்த அறையில் யாருக்கும் கிடையாது, ஒருவரை ஒருவர் கேட்டுத்தான் வாசிக்கிறோம். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நிற்கிற இடம் என்னுடையது. நீ மாமாவுக்குப் பின்னால், அட்டைப்பெட்டிகளுக்கு அந்தப் பக்கம் நிற்க வேண்டும். "வேலிக்குள்ள இன்னொரு மாடா?" என்று மாமா இப்போதே கேட்டுவிட்டார்.

முதல் சரணம் நான். இரண்டாம் சரணத்தில் நீ சேரலாம். உன் குரல் என் மைக்கில் ஏறும், என் குரல் உன் மைக்கில் ஏறும். பிறகு யாரும் யாரையும் பிரிக்க முடியாது, அதை யோசித்துவிட்டு வா. முடித்ததும் நானே கேட்பேன், ஒவ்வொரு ட்ராக்காக. சரி என்று நான் சொல்லும்வரை யாரும் எழுந்து போகக் கூடாது. பேக்கரி அக்கா அன்றைக்கு ட்யூட்டியையே மாற்றிக்கொண்டார்.

பாட்டு வெளியே போகும்போது கட்டியவள் பெயர் முதலில் வரும். அடுத்து வாசித்தவர்கள். அடுத்து நீ.

கதவை மெதுவாகச் சாத்து, எல்லா மைக்கிலும் பதிந்துவிடும்.

பின்வரிசையில் நிற்கக் கூச்சமாக இருந்தால் வாயை மட்டும் அசைத்துச் சமாளித்துவிடலாம் என்று நினைக்காதே. ஆறாவது விளக்கைப் பார்த்துக்கொண்டேதான் இருப்பேன்.

ஊமைக்கோட்டான்